சட்டை அட்டையில் எழுதிய சொற்கள்

ரெடிமேட் சட்டை வாங்கியிருப்பீர்கள். பிரித்து உதறினால் உள்ளேயிருந்து ஒரு வெள்ளை அட்டை கீழே விழும். சட்டை விறைப்பாக நிற்பதற்காக வைத்தது அது. நீங்கள் அதைக் குப்பையில் போட்டிருப்பீர்கள். என் அக்கா அதில் ஒரு புத்தகமே எழுதினாள். அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் துணிக்கடையில் ஆண்கள் பிரிவில் நிற்கிறேன், இருபத்தைந்து வருஷமாக. போட்டுப் பார்க்கிறேன் என்று வாடிக்கையாளர்கள் பிரித்துப் போடும் சட்டைகளின் அட்டையெல்லாம் கவுன்டருக்கு அடியில் சேரும். வாரக் கடைசியில் அதையெல்லாம் ஒரு பையில் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். "இவ்வளவுதானா? வியாபாரம் டல்லா?" என்று கேட்பாள். எங்கள் முதலாளிக்குக்கூட அந்தக் கவலை இருந்ததில்லை.

அட்டையின் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவாள். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்குப் பங்காளி மாதிரி இன்னொரு சொல். நாம் தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஆங்கிலத்தில் இடம் மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். நமக்கு நிழல் என்றால் நிழல்தான். அவர்களுக்கு வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் ஷேட், நம்மைத் தொடர்ந்து வரும் நிழல் ஷேடோ. அக்கா அந்த அட்டையில் எழுதிய உதாரணம் இது: "பஸ் நிறுத்தத்தில் உயரமான ஒருவருக்குப் பின்னால் நின்றேன். அவருடைய ஷேடோ எனக்கு ஷேட் ஆனது." படித்துவிட்டு நான் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த இரண்டும் குழம்பியதே இல்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பயிற்சி நிலையத்தில். கீழே டயர் கடை, மேலே இவர்கள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் சேர நினைக்கும் நர்சுகள், எலெக்ட்ரீஷியன்கள், செருப்புத் தொழிற்சாலை ஆட்கள் எல்லோரும் பேச்சு ஆங்கிலம் படிக்க வருவார்கள். அவர்கள் செய்யும் தப்பையெல்லாம் அக்கா ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். ஒரு நர்சு நோயாளியின் கால் விரலில் காயம் என்பதற்குக் கை விரலின் சொல்லைப் போட்டுவிட்டாள். டாக்டர் பத்து விரலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா காயம்?" என்று கத்தினாராம். செருப்புத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் மருந்துக்கடையில் போய், தன் தோல் அரிக்கிறது என்பதற்கு, 'என் லெதர் அரிக்கிறது' என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே தோல் அதுதான், பாவம்.

உதாரணம் எழுதுவதில் அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "இட்டுக்கட்டுன உதாரணம் மனசுல நிக்காதுடி. நடந்ததைச் சொன்னாத்தான் நிக்கும்" என்பாள். தன் விஷயத்திலும் அப்படியே. அவள் வாழ்க்கை மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. டைரி எழுதாதவள், அழுது புலம்பாதவள், எல்லாவற்றையும் உதாரணமாக எழுதினாள்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அப்பா, ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்றார். அண்ணன் போனான். அக்கா முதல் மதிப்பெண், அண்ணன் தட்டுத்தடுமாறித் தேறியவன். அப்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருஷம் கழித்து சாய்ஸ், சான்ஸ் என்ற அட்டையில் எழுதினாள்: "எந்தக் கல்லூரி என்று என் அண்ணனுக்கு சாய்ஸ் இருந்தது. எனக்கு சான்ஸ்கூட இல்லை." அண்ணன் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அந்த அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, "கிராமர் கரெக்டா இருக்கு" என்றான். வேறு என்ன சொல்வான், அவன் அவ்வளவுதான்.

ஒன்பது வயதில் அவளுக்குக் காதில் சீழ் வைத்தது. இடது காது. வைத்தியம் பார்ப்பதற்குள் கேட்கும் சக்தி போய்விட்டது. அதற்கும் ஓர் அட்டை உண்டு, நாய்ஸ், சவுண்ட் என்று. "என் இடது காதுக்கு உலகம் வெறும் நாய்ஸ். வலது காதுக்குத்தான் அது சவுண்ட்." அவளோடு பேசுகிறவர்கள் வலது பக்கம் வந்து நிற்க வேண்டும். தெரியாமல் இடது பக்கம் நின்று பேசினால், இரண்டு விரலை வலது காதுக்குப் பின்னால் வைத்து மடலை முன்னால் தள்ளி, தலையைத் திருப்பிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளை மண்டைக்கனம் பிடித்தவள் என்று நினைத்தவர்களும் உண்டு.

கல்யாணம் பதினோரு மாதம் நீடித்தது. அதைப் பற்றி எங்களிடம் அவள் சொன்னது இரண்டே வரிதான், அதுவும் அட்டையில். "என் கணவர் வீட்டில் நான் பதினோரு மாதம் கெஸ்ட்டாக இருந்தேன். கடைசியாக என் துணிகளை எடுக்கப் போனபோது விசிட்டர் ஆகியிருந்தேன்." வகுப்பில் இதை விளக்கும்போது, கெஸ்ட் வந்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள், விசிட்டர் வந்தால் என்ன விஷயம் என்று கேட்பார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவாள். அட்டைப் பையோடு போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்ட நான்தான் அடுத்த சொல்லைக் கவனிக்கவில்லை.

அவளுக்குப் பட்டம் கிடையாது. அதனால் பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாளில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. நேற்று வந்து சேர்ந்த பட்டதாரிகளின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், அந்தப் பட்டதாரிகளுக்குச் சந்தேகம் வந்தால் அக்காவிடம்தான் ஓடி வருவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. "இதெல்லாம் புத்தகமா வரணும். மேலட்டையில என் பேர் இருக்கணும். அதுக்கப்புறம் சர்டிபிகேட் எங்கேன்னு எவனும் என்னைக் கேக்க முடியாது."

இனி இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எல்லோரும் கூப்பிட்ட பட்டப்பெயரையே சொல்கிறேன். கீபோர்டு. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் விரல் பத்தும் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். அக்காவைவிட நாலு வயது சின்னவள். பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அக்காவின் வலது பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாள். இரண்டு சாப்பாட்டு டப்பாவையும் திறந்து ஒன்றாகக் கலந்துதான் சாப்பிடுவார்கள். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அம்மா அவளைத் தன் மூணாவது மகள் என்று நர்சிடம் சொல்லியிருக்கிறாள். நானும் அவளை நம்பினேன், அக்காவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு மழைநாளில் அக்கா வீட்டுக்கு வந்தவள் பரண் மேல் அடுக்கியிருந்த செருப்புப் பெட்டிகளைப் பார்த்தாள். ஒன்பது பெட்டி, அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டை. அலமாரியில் இடமில்லாமல் பரண் மேல் ஏற்றியது நான்தான்.

"டீச்சர், கூரை ஒழுகுச்சுன்னா எல்லாம் போச்சு. நான் டைப் அடிச்சு வைக்கிறேனே? அப்புறம் புத்தகமாப் போடவும் சுலபம்."

"உனக்கு எதுக்கும்மா வீண் சிரமம்? உனக்கே வீட்டுல வேலை தலைக்கு மேல."

"உங்களுக்குச் செய்யாம நான் வேற யாருக்குச் செய்யப் போறேன்?"

ஸ்கூட்டரில் இரண்டு இரண்டு பெட்டியாக எடுத்துப் போனாள். அடித்து முடித்ததை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டுவாள். அக்கா எழுத்துப் பிழை பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். அந்த ஒன்பது மாதம் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! முகப்பட்டைக்கு என்ன நிறம் போடலாம் என்று என்னிடம் கேட்டாள். கடையில் துணி மாதிரிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு நீலத்தைக் காட்டினேன். அது ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாள்.

பெட்டிகள் முடியும் சமயத்தில் கீபோர்டுக்குப் பெரிய பயிற்சி நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. பாக்கியை அங்கிருந்தே முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் மாதம் தினமும் பேசினாள். அப்புறம் வாரம் ஒருமுறை. அப்புறம் அக்கா கூப்பிட்டால் எடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு எலெக்ட்ரீஷியன் வகுப்புக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். "மேடம், உங்க ஃப்ரெண்டு கம்ப்யூட்டர் மேடம் புக் போட்டிருக்காங்களே, பாத்தீங்களா? நீங்க சொல்லித் தர்ற மாதிரியே இருக்கு."

அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான். "சொல்லாம கொள்ளாம சர்ப்ரைஸ் பண்ணிட்டா பாரு" என்று எனக்கு போன் செய்தாள். பேசிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள் போலிருக்கிறது. முகப்பில் கீபோர்டின் பெயர். அதன் கீழே அவள் வாங்கிய பட்டங்கள். உள்ளே நன்றி என்று ஒரு பக்கம். அதில் அவள் கணவர் இருந்தார், நிறுவனத்தின் இயக்குநர் இருந்தார், "ஊக்கமளித்த மாணவச் செல்வங்கள்" இருந்தார்கள். போனில் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயந்தரம் நான் போனபோது அவள் ஏற்கெனவே கீபோர்டிடம் பேசியிருந்தாள். பதிப்பாளர்தான் ஒரே பெயர் போதும் என்று சொல்லிவிட்டாராம். பட்டம் இல்லாதவர் பெயரைப் போட்டால் பள்ளிக்கூடங்களில் வாங்கமாட்டார்களாம். இவள் எவ்வளவோ மன்றாடினாளாம். இரண்டாம் பதிப்பில் அக்காவின் பெயர் கண்டிப்பாக வருமாம், வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம்.

"நீ நம்புறியா?" என்றேன்.

"அவ பொய் சொல்ல மாட்டாடி."

"சரி, அட்டையெல்லாம் எங்கே? ஒன்பது பெட்டியும் எங்கே?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "டைப் அடிச்ச பிறகு எதுக்குன்னு பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாளாம். வீடு மாத்துனப்போ."

இருபத்திரண்டு வருஷ எழுத்து, எடைக்குப் போய்விட்டது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை இவ்வளவு பக்குவமாக ஒருத்தி செய்து நான் பார்த்ததில்லை. அன்றே போய் அவள் கழுத்து அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பதிப்பு வரட்டும் என்றாள்.

நான் அந்தப் புத்தகத்தை வாங்கி, கடையில் ஆள் வராத நேரத்தில் வரி வரியாகப் படித்தேன். எல்லாம் அக்காதான். ஷேட் இருந்தது, ஷேடோ இருந்தது. அண்ணன் இருந்தான், அவன் சாய்ஸோடு. கெஸ்ட், விசிட்டர் பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தாள். அவளுக்குத்தான் கணவர் கூடவே இருக்கிறாரே, அப்படியே போட்டால் நன்றாக இருக்குமா? "என் பக்கத்து வீட்டுப் பெண் தன் கணவர் வீட்டில் பதினோரு மாதம் கெஸ்ட்டாக இருந்தாள்" என்று எழுதியிருந்தாள். அதாவது, ஒவ்வொரு அட்டையும் யாருடையது என்று தெரிந்து, யோசித்து, தேவையானதை மட்டும் திருத்தியிருக்கிறாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்ததாக இருந்த அட்டைகளைக்கூட விடவில்லை. அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளாக இப்போது கீபோர்டு இருந்தாள்.

ஆனால் ஒன்றைக் கோட்டை விட்டிருந்தாள். நாய்ஸ், சவுண்ட் பக்கத்தில் "என் இடது காதுக்கு உலகம் வெறும் நாய்ஸ்" என்ற வரி அப்படியே இருந்தது. கீபோர்டுக்கு இரண்டு காதும் பாம்புக் காது. பக்கத்து அறையில் மாணவர்கள் கிசுகிசுத்தால்கூட இங்கிருந்து அதட்டுவாள். மாட்டினாளா என்று எனக்கு ஒரே குஷி.

நூலகத்தில் வாசகர் சந்திப்பு என்று அறிவிப்பு வந்தது. கீபோர்டு அக்காவையும் அழைத்திருந்தாள். மேடைக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்வாள் என்று அக்காவுக்கு நம்பிக்கை, புதுச் செருப்பு வாங்கினாள். எனக்கு வேறு திட்டம். கேள்வி நேரத்தில் எழுந்து, "உங்களுக்கு எப்போதிருந்து இடது காது கேட்காது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். அவள் திருதிருவென்று முழிக்க வேண்டும். கடையில் துணி போட்டுப் பார்க்கும் அறையின் கண்ணாடி முன்னால் நின்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். வெளியே ஒரு வாடிக்கையாளர் கால்சட்டையோடு காத்துக்கொண்டிருந்தார்.

கூட்ட அறையில் அறுபது நாற்காலி, நாற்பது ஆட்கள். அக்கா எப்போதும்போல இடது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், வலது காது மேடையைப் பார்த்து இருக்கும்படி. கீபோர்டு நன்றாகத்தான் பேசினாள். ஒவ்வொரு உதாரணத்தையும் தன் மனதிலிருந்து எடுத்த மாதிரி சொன்னாள். உண்மையான உதாரணம்தான் மனதில் நிற்கும் என்றும் சொன்னாள். கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள், அதை என்ன சொல்வது!

கேள்வி நேரம் வந்தது. நான் எழுவதற்குள் முன் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். வெள்ளை முடி, காதில் கருவி. கையில் புத்தகம். கேள்வியை இருந்த இடத்திலிருந்து கேட்காமல் மேடைக்கே ஏறி, சுற்றிக்கொண்டு கீபோர்டின் வலது பக்கம் போய் நின்றார்.

"உங்களுக்கு இடது காது கேக்காதுன்னு எழுதியிருக்கீங்களேம்மா. எனக்கும் அதே காதுதான். அதான் இந்தப் பக்கமா வந்து பேசுறேன்" என்று சத்தம் போட்டுச் சொன்னார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கீபோர்டின் கண் எங்கள் வரிசைக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு மெல்ல இரண்டு விரலை வலது காதுக்குப் பின்னால் வைத்தாள். மடலை முன்னால் தள்ளினாள். தலையைத் திருப்பிச் சிரித்தாள்.

"ஆமாங்கம்மா. சின்ன வயசுல சீழ் வச்சது. ஒன்பது வயசிருக்கும். பழகிடுச்சு."

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். இவ்வளவு குறையோடும் சாதித்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். இந்தத் தடவை எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் ஒத்திகை பார்த்த கேள்வி தொண்டையிலேயே செத்துப்போனது. இனிமேல் நான் கேட்டால் என்னைத்தான் ஈவு இரக்கமில்லாதவள் என்பார்கள்.

கூட்டம் கலையும்போது கீபோர்டு எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். அக்கா தன் இடது பக்கம் வழியைப் பார்த்து இருக்கும்படி நின்றிருந்தாள். கீபோர்டு வந்த வழியில் அக்காவின் இடது பக்கம்தான் முதலில் இருந்தது. அவள் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துதான் வாயைத் திறந்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம், கால் தானாக வந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவளை அடிக்கத் தோன்றியது எனக்கு.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அந்தம்மா திடீர்னு கேட்டுட்டாங்க, அத்தனை பேர் முன்னாடி நான் என்ன செய்ய? ரெண்டாவது பதிப்புல உங்க பேர் கண்டிப்பா வரும். நான் பேசிட்டேன்."

"சரிம்மா" என்றாள் அக்கா.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நாலு நிறுத்தம் தாண்டும் வரை புதுச் செருப்பு கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுனதை எடுத்தா, சரி, புத்தகத்துக்கு எடுத்தா. காதை எதுக்குடி எடுத்தா? அது வலிச்சப்போ ராப்பகலா அழுதது நானுல்ல?"

சொல்லிவிட்டு அழுதாள். என் கல்யாணத்திலும் அம்மா சாவிலும் தவிர அவள் அழுது நான் பார்த்ததில்லை. தன் விவாகரத்துக்கே அழாதவள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இதற்குப் பிறகும் அவள் இரண்டாம் பதிப்பை விடவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "குத்த உணர்ச்சி இருக்கும்ல, அதுக்காகவாவது போட்டுடுவா" என்பாள். வகுப்பு முடிந்து வரும் வழியில் புத்தகக் கடைக்குள் நுழைந்து, புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வருவாள். கடைக்காரர் அவளைத் தூரத்தில் பார்க்கும்போதே இல்லை என்று கையாட்டுவாராம்.

பொறுக்க முடியாமல் நான் ஒரு காரியம் செய்தேன், அக்காவுக்குத் தெரியாமல். பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். சட்டை அட்டை, செருப்புப் பெட்டி, காது, அண்ணன், எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் அக்காவை ஒருநாள் நேரில் உட்கார வைத்து எந்தச் சொல்லை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. ஆசிரியரிடம் விசாரித்தார்களாம். அந்த அம்மையார் முன்பு ஒரே இடத்தில் வேலை பார்த்தவர், ஆசிரியருக்கு அறிமுகமானவர், அவ்வளவுதான் என்று அவர் தெரிவித்தாராம். ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று முடித்திருந்தார்கள். ஆதாரத்தை எந்தக் காகிதக் கூழ் ஆலைக்குப் போய்த் தேடுவது? இரண்டாம் பதிப்பில் அக்காவின் பெயரைப் போடும் எண்ணம் இருந்தால் கீபோர்டு இப்படிப் பதில் சொல்லியிருப்பாளா? அந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

அதிலிருந்து ஐந்தாவது மாதம். எனக்கு வார விடுமுறை. அக்கா முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தாள், கொடுத்துவிட்டு வரலாம் என்று டயர் கடை மாடிக்கு ஏறினேன். வகுப்பு தொடங்கியிருந்தது. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகவிருந்த ஒரு பெண் முன் வரிசையில் இருந்தாள். முப்பது வயதிருக்கும், எதையும் விடாமல் கேட்கிற ரகம்.

"மேடம், நீங்க விசாரிச்சுக்கிட்டே இருந்தீங்கள்ல, அந்தப் புக்கோட புதுப் பதிப்பு வந்துடுச்சு. நேத்துதான் வாங்கினேன். புதுசா நாப்பது பக்கம் சேத்திருக்காங்க."

அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்ப் புத்தகத்தை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகப்பைப் பார்த்தாள். பின்னட்டையைப் பார்த்தாள். முதல் பக்கத்தைத் திருப்பி, இரண்டாவதைத் திருப்பி, நன்றிப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வரிவரியாக இறக்கினாள். விரல் கடைசி வரியைத் தாண்டி வெள்ளைத் தாளிலும் கொஞ்ச தூரம் போனது. எனக்கு அவள் முகம் தெரிந்தது. அங்கே என்ன இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

புத்தகத்தை மூடி அந்தப் பெண்ணிடமே கொடுத்தாள். "புதுசா என்ன சேத்திருக்காங்க, நீங்களே ஒண்ணு படிங்க. உச்சரிப்பு பாப்போம்" என்றாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

அந்தப் பெண் பின் பக்கங்களைப் புரட்டி ஒன்றில் நிறுத்தினாள். அக்வெயின்டன்ஸ், ஃப்ரெண்ட் என்று இரண்டு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இரண்டும் நமக்குத் தெரிந்தவர்கள்தான் என்றும், ஆனால் வெறும் அறிமுகமானவரும் சிநேகிதரும் ஒன்றாகமாட்டார்கள் என்றும் விளக்கம் இருந்தது. பிறகு உதாரணத்தைப் படித்தாள்.

"பதினெட்டு வருஷம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அவர் எனக்கு அக்வெயின்டன்ஸ். ஃப்ரெண்ட் அல்ல."

இந்த உதாரணம் அக்கா எழுதியதில்லை. என் கடிதத்துக்குக் கீபோர்டு அச்சுப் போட்டு அனுப்பிய பதில் அது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து போய் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கலாமா என்று பார்த்தேன்.

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். "உச்சரிப்பு சரியா மேடம்?"

"சரிதான்."

"அர்த்தம்தான் எனக்குப் பிடிபடலை மேடம். பதினெட்டு வருஷம் பக்கத்துலயே இருந்தவங்க ஃப்ரெண்டு இல்லைன்னா, அப்புறம் வேற யாரு ஃப்ரெண்டு?"

எந்த இரண்டு சொல்லைக் கொடுத்தாலும் நின்ற நிலையில் வித்தியாசம் சொல்கிறவள் என் அக்கா. கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். இரண்டு சொல்லையும் எழுதினாள், நடுவில் கோடு போட்டாள். கீழே எழுதுவதற்குக் கையைக் கொண்டுபோய் அப்படியே நின்றாள். வகுப்பு காத்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியலைம்மா" என்றாள்.